"இனி ஒண்டும் செய்யேலாதாம்"

"இனி ஒண்டும் செய்யேலாதாம், வீட்டை கொண்டு போகட்டாம்." புற்றுநோய் வந்த ஆளைப் பற்றி இந்த வசனத்தைக் கேட்காத வீடு எங்கட ஊர்களில் குறைவு. நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள், வைத்தியம் சொல்லித்தர வரவில்லை. எங்கட பிரச்சினை அந்த வசனத்தோடதான். நோயை மாற்றேலாது என்பது வேறு, ஒண்டும் செய்யேலாது என்பது வேறு.

முற்றிய மலக்குடல் புற்றுநோயையே எடுப்பம். கட்டி குடலை அடைத்தால் வயிறு ஊதும், சத்தி வரும். இரத்தம் போகும். நரம்பை அழுத்தினால் வலி காலுக்கும் இறங்கும். போய்விட்டு வந்த பிறகும் கக்கூசுக்குப் போகவேணும் போலவே இருக்கும். சிலருக்குச் சலப்பைக்கோ பெண்ணுறுப்புக்கோ துளை விழுந்து மலம் அந்த வழியால் வரும். இதை ஒரு அம்மா யாரிடம் வாய்திறந்து சொல்லுவா?

இவை ஒவ்வொன்றுக்கும் செய்ய ஏதோ ஒன்று இருக்கு. அடைப்பு இருக்கிற இடத்தைப் பொறுத்து ஸ்டென்ட் வைக்கலாம், அல்லது வயிற்றில் வாசல் வைத்துப் பை பொருத்தலாம். இரத்தப்போக்கையும் வலியையும் குறைக்கக் கதிர்ச்சிகிச்சை இருக்கு. வலிக்கு மோர்பின் இருக்கு. "அடிமையாகிடுவார், சாவு கிட்ட வந்திடும்" என்று பயந்து அதை மறைத்து வைக்கிற வீடுகளும் இருக்கு. டொக்டர் சொன்ன அளவில் எடுத்தால் அது உயிரைக் குறைக்கிற மருந்தில்லை, நித்திரை கொள்ளவிடுகிற மருந்து.

1967இல் இலண்டனில் சென். கிறிஸ்தோபர் பராமரிப்பகத்தைத் தொடங்கிய சிசிலி சோண்டர்ஸ், வலி உடம்பில் மட்டும் இல்லை, மனசிலும் உறவிலும் நம்பிக்கையிலும் இருக்கு என்றார். இதை எங்களுக்குப் புரியவைக்கத் தேவையில்லை. பையோட கலியாணவீட்டுக்குப் போகக் கூச்சப்பட்டு வீட்டுக்குள்ளேயே அடைபட்ட ஆக்களை எங்களுக்குத் தெரியும்.

இதில் இளம் ஆக்களுக்கு ஒரு பங்கு இருக்கு. மகரகமைக்குக் கொண்டு போனால் சிங்களத்தையும் இங்கிலீசையும் மொழிபெயர்க்கிறது அநேகமாக நாங்கள்தான். "அப்பாவுக்குச் சொல்லிப்போடாதை" என்று வீட்டில் சொல்லித்தான் அனுப்புவினம். அப்பாவின்ர வயிற்றில் பை வைக்கிறதா இல்லையா என்ற முடிவு அவருக்குத் தெரியாமலே எடுபடும். அது பாசத்தால் நடக்கிறதுதான், ஆனால் நியாயமில்லை. எவ்வளவு தெரியவேணும் என்று முதலில் அவரிட்டையே கேட்பம். வேண்டாம் என்றால் விடுவம். கேட்டால் முழுசாகச் சொல்லுவம். பிறகு டொக்டரிட்டை, "மாற்றேலாது சரி, வலிக்கு என்ன செய்யலாம்?" என்று அவருக்காகக் கேட்பம்.