சாரத்திலிருந்து விழுந்தவருக்கு யார் பொறுப்பு?

புதிய கட்டடம் எழும்பும்போது நாம் அண்ணாந்து பார்த்து வியக்கிறோம். ஆனால் அதன் சாரத்தில் நின்று வேலை செய்பவர் தவறி விழுந்து முதுகெலும்பு முறிந்தால், அவர் குடும்பத்தைக் காப்பது யார்? அமெரிக்க நாட்டில் இக்கேள்விக்கு மாநிலத்துக்கு மாநிலம் விடை வேறுபடுகிறது. அவ்விடைகளைச் சற்று ஒப்பிட்டு நோக்குவோம்.

அங்குக் காயமுற்ற தொழிலாளிக்கு, வேலை கொடுத்தவர் செய்துவைத்த காப்பீட்டிலிருந்து மருத்துவச் செலவும் ஊதியத்தில் ஒரு பகுதியும் கிடைக்கும். பெரும்பாலான மாநிலங்களில் அப்பகுதி சராசரி வார ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்காகும்; அதற்கும் உச்ச வரம்பு உண்டு. யார் தவறு என்று இங்கே ஆராய்வதில்லை. இந்நன்மைக்கு ஈடாக, தம் முதலாளிமீது வழக்குத் தொடரும் உரிமையைத் தொழிலாளி பொதுவாக இழந்துவிடுகிறார். பட்ட வேதனைக்கென்று தொகை ஏதும் இல்லை. டெக்சாஸ் மாநிலத்திலோ, தனியார் முதலாளிகள் இக்காப்பீட்டில் சேராமலே இருக்கவும் சட்டம் இடமளிக்கிறது.

ஆகவே, முழு இழப்பீடு வேண்டுவோர் கட்டட உரிமையாளர்மீதோ தலைமை ஒப்பந்தக்காரர்மீதோதான் வழக்குத் தொடர வேண்டியிருக்கிறது. வேற்றுமை பெரிதாவது இங்கேதான். வர்ஜீனியா, மேரிலாந்து, வட கரோலினா, அலபாமா ஆகிய மாநிலங்களில் பழைய விதி ஒன்று இன்றும் நிலவுகிறது. கவனக்குறைவு வழக்கில், காயமுற்றவரிடமும் சிறிது தவறு இருந்தால், பொதுவாக அவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. வேறு பல மாநிலங்களில் அவர் தவற்றின் அளவுக்கு ஏற்பத் தொகை குறைகிறது.

நியூயார்க் மாநிலமோ 1885-ஆம் ஆண்டிலேயே சாரச் சட்டம் ஒன்றை இயற்றியது. இன்று அது தொழிலாளர் சட்டத்தின் 240-ஆம் பிரிவாக விளங்குகிறது. உயரத்தில் வேலை செய்வோருக்குத் தக்க சாரமும் ஏணியும் பிற பாதுகாப்புச் சாதனங்களும் அளிப்பது உரிமையாளர், ஒப்பந்தக்காரர் ஆகியோரின் கடமை. அக்கடமை தவறியதால் விபத்து நேர்ந்தால், தொழிலாளியின் கவனக்குறைவைச் சுட்டி அவர்கள் தொகையைக் குறைக்க இயலாது. தக்க சாதனங்கள் இருந்தும் தொழிலாளியின் செயல் ஒன்றே விபத்துக்குக் காரணமாயின் மட்டும் தப்பலாம். குடியேற்றச் சான்று இல்லாத தொழிலாளரும் இழந்த ஊதியத்தைக் கோரலாம் என்று அம்மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் 2006-இல் தீர்ப்பளித்தது.

இச்சட்டத்தால் காப்பீட்டுக் கட்டணமும் கட்டுமானச் செலவும் ஏறுகின்றன என்று கட்டட நிறுவனத்தார் முறையிடுகின்றனர். 1907-இல் இதையொத்த சட்டம் கொண்டுவந்த இல்லினாய் மாநிலம், 1995-இல் அதை நீக்கியும் விட்டது. செலவு ஏறுகிறது என்ற முறையீட்டை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. எனினும், சாரத்துப் பலகையைத் தேர்ந்தெடுப்பவர் தொழிலாளி அல்லர். பலகை ஆடுகிறது என்று சொல்லி இறங்கினால் அன்றைய கூலி போய்விடுமே என்று அஞ்சுபவர் அவர். நல்ல பலகை போடும் வல்லமை யாரிடம் உள்ளதோ, அவரிடமே பொறுப்பும் இருக்க வேண்டும் என்பதே நியூயார்க் சட்டத்தின் உட்பொருள். அது நியாயமே என்று நாம் கருதுகிறோம்.

அச்சட்டம் ஒரு விலக்கும் அளிக்கிறது. ஒன்று அல்லது இரண்டு குடும்பங்கள் வாழும் வீட்டின் உரிமையாளர், வேலையைத் தாமே நடத்தாதவராயின், அவருக்கு இப்பொறுப்பு இல்லை. சாதாரணக் குடும்பத்தினர்மீது பெருஞ்சுமை விழலாகாது என்பது இதன் நோக்கம். ஆனால் சட்டம் விலக்கு அளித்தாலும் மனச்சான்று அளிக்குமா? நாமும் வீடு கட்டுகிறோம். வெள்ளையடிக்க ஆள் அமர்த்துகிறோம். நம் பொருட்டு ஒருவர் மேலே ஏறுமுன், அவர் கால் வைக்கும் பலகையை ஒருமுறை பார்த்துவிடுவோம். எந்த மாநிலத்துச் சட்டமும் எவ்வளவு தொகை வழங்கினாலும், முறிந்த முதுகெலும்பை முன்போல் ஆக்கித் தர அதனால் இயலாது.