அடுப்பை அணைக்கச் சொல்ற தம்பிக்கு

போன வாரம் சென்னையிலேர்ந்து நாலு பேர் எங்க நிலத்தைப் பார்க்க வந்தாங்க. நல்ல புள்ளைங்கதான். அதுல ஒரு தம்பி, "சமைச்ச உணவு செத்த உணவு ஐயா. அடுப்பு மூட்டுன அன்னைக்கே மனுஷன் கெட்டான்"னாரு. அப்போ எங்க வீட்டுக்காரம்மா சாப்பாட்டுக்கு நெல்லு அவிச்சுகிட்டு இருந்தாங்க. புகையில கண்ணு செவந்து நின்னவங்க ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் சுருக்குன்னுச்சு.

தம்பி, என் கொல்லையில இருக்கிற கருணைக்கிழங்கைப் பச்சையாக் கடிச்சுப் பாருங்க, நாக்கு பதில் சொல்லும். மரவள்ளியைச் சரியா வேக வைக்காமத் தின்னா சயனைடு விஷம். நெல்லை எத்தனை பிடி மெல்லுவீங்க?

ரிச்சர்ட் ராங்கம்னு ஒரு ஹார்வர்டு பேராசிரியர் 2009ல இதைப் பத்தியே புத்தகம் போட்டாரு. சிம்பன்சி ஒரு நாளைக்குச் சுமார் ஆறு மணி நேரம் மென்னுகிட்டே கிடக்குது. சமைச்சதாலதான் நமக்குப் பல்லும் குடலும் சிறுத்து மூளை பெருத்துச்சுங்கிறது அவர் கட்சி. அது எந்தக் காலத்துலன்னு அறிஞருங்களுக்குள்ள சண்டை இருக்கு, இருக்கட்டும். தென்னாப்பிரிக்காவுல வொண்டர்வெர்க் குகையில 10 லட்சம் வருஷத்துச் சாம்பல் கிடைச்சிருக்கு. நாள் பூரா மென்னுகிட்டு இருந்தவன் எப்போ ஏரி வெட்டுவான், ஏர் பூட்டுவான்?

பழனி பக்கம் பொருந்தல்ல, சுமார் 2,500 வருஷத்துக்கு முந்தின ஈமக்குழியில, ஒரு ஜாடியில 2 கிலோ நெல்லு எடுத்தாங்க. நெல்லு வச்சவன் வீட்டுல அடுப்பு இல்லாமலா இருந்திருக்கும்? கீழடியில தோண்டுனாலும் பானை ஓடுதான் குவியுது. அந்த ஓட்டை வச்சுத்தான் நாகரிகம்னு மேடையில பேசுறோம். அதுல கஞ்சி காய்ச்சுன பொம்பளையைப் பத்தி எவனும் பேசறதில்ல.

அந்தத் தம்பி மூக்கைப் பொத்திகிட்டாரே, அந்த அவியலுக்கு வர்றேன். நெல்லை ஊற வச்சு அவிக்கும்போது தவிட்டுல இருக்கிற பி1 சத்து அரிசிக்குள்ள இறங்கிடுது. அப்புறம் மில்லுல தீட்டுனாலும் முழுசாப் போகாது. தீட்டுன பச்சரிசியையே நம்பியிருந்த நாடுகள்ல பெரிபெரி வந்து, கால் வீங்கி, கூட்டம் கூட்டமாச் செத்தாங்க. வைட்டமின்னு ஒரு வார்த்தை பொறக்கறதுக்கு முன்னாடியே நம்ம பாட்டிங்க அண்டாவுல இந்த வேலையைச் செஞ்சுகிட்டு இருந்தாங்க. படிச்சவங்க அதுக்குப் பேரு வைக்கறாங்க: செத்த உணவு!

சாயங்காலம் அவங்களைத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல கொண்டுபோய் விட்டேன். பஸ் வர்ற வரைக்கும் அந்தத் தம்பி ரெண்டு டீ குடிச்சாரு. முதல் டீ சூடா இல்லன்னு திருப்பிக் குடுத்து, வேற வாங்கினாரு.