நோன்பு அவங்களுக்கு, ஆயுசு நமக்கு

தீபாவளிக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னாடி இங்கே டெல்லியில் கர்வா சௌத் வரும். விடியுமுன் சாப்பிட்டதோடு சரி. அப்புறம் சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. சல்லடை வழியா நிலாவைப் பார்த்த பிறகுதான் பெண்கள் வாய் நனைப்பாங்க. எல்லாம் புருஷன் ஆயுசுக்காக!

இதைக் கிண்டல் பண்ற நம்மூர்க்காரங்களுக்கு ஒண்ணு: மாசி முடிஞ்சு பங்குனி பிறக்கிற நேரத்தில் நம்ம பக்கம் சரடு கட்டிக்கிற காரடையான் நோன்பும் இதே சமாச்சாரம்தான்.

நம்பிக்கைக்கு நான் எதிரி இல்லை. தங்கமணி அடையும் வெண்ணெயும் படைச்சுக் கும்பிடும்போது எனக்கும் மனசு நெகிழும். ஆனா, நாலு அடையை உள்ளே தள்றதுதான் நாம காட்டற நன்றியா?

மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்றதைக் கேளுங்க. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்றவங்களில், 2019ல் பெண்களுக்கு நாளுக்கு 299 நிமிஷம், ஆண்களுக்கு 97. 2024ல் 289, 88. அஞ்சு வருஷத்தில் இடைவெளி குறைஞ்சது ஒரே ஒரு நிமிஷம் :-)

காரடையான் நோன்பின் நாயகி சாவித்திரி. அவ பட்டினி கிடந்தது மட்டும் நமக்கு ஞாபகம் இருக்கு. எமன் பின்னாடியே நடந்து, பேசிப் பேசியே வரம் வாங்கின சாமர்த்தியம் வசதியா மறந்துபோச்சு.

பெண்ணைத் தெய்வம்னு சொன்னது போதும். தெய்வத்தை யாராவது பாத்திரம் தேய்க்க விடுவாங்களா? நோன்பன்னிக்கு நாம தேய்ப்போம். மறுநாளும்.