ஊதுபவனும் உளி பிடிப்பவனும்



சென்ற ஆவணித் திங்களில் ஒருநாள் மாலை சாலைக் கடைத்தெரு வழியே நடந்து வந்துகொண்டிருந்தேன். எதிரே ஒரு திருமண ஊர்வலம். முன்னே பேண்டு வாத்தியம். பின்னே நாகசுரமும் தவிலும். ஊர்வலம் மண்டப வாயிலை அடைந்ததும் வாசித்தவர்கள் அருகிலிருந்த தேநீர்க் கடைப் பலகையில் வந்து அமர்ந்தனர். நானும் ஓர் ஓரத்தில் அமர்ந்தேன்.

டிரம்பெட் ஊதியவர் தம் கருவியின் மவுத்பீஸைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அதன்மேல் '7சி' என்று ஓர் அடையாளமும் 'வின்சென்ட் பாக்' என்று ஒரு பெயரும் பொறித்திருந்தன. "யார் அண்ணே இவர்?" என்று கேட்டேன். "ஏதோ வெளிநாட்டுக் கம்பெனி தம்பி" என்றார். பக்கத்தில் இருந்த பெரியவரின் நாகசுரத்தை வாங்கிப் பார்த்தேன். அதில் எழுத்து ஏதும் இல்லை. "இதைச் செய்தவர் யார் ஐயா?" என்றேன். "நரசிங்கம்பேட்டை ஆசாரி ஒருத்தர். அப்பா காலத்துச் சாமான். பேர் யாருக்குப்பா தெரியும்?" என்றார்.

ஒன்றில் பெயர் இருந்தது. ஆள் யாரென்று தெரியவில்லை. மற்றொன்றில் பெயரே இல்லை. கருவியைச் செய்கிறவனை நாம் எங்கே வைத்திருக்கிறோம் என்னும் எண்ணம் அன்று என்னைப் பற்றிக்கொண்டது. அதன் விளைவே இக்கட்டுரை.

முதலில் அந்த 'வெளிநாட்டுக் கம்பெனி'யைப் பார்ப்போம். அது கம்பெனி ஆவதற்கு முன் ஒரு மனிதனாக இருந்தது! 1890ஆம் ஆண்டு வியன்னாவுக்கு அருகில் பாடன் என்னும் ஊரில் பிறந்தவன் வின்சென்ட் ஷ்ரோட்டன்பாக். இயந்திரப் பொறியியல் படித்தான். ஆனால் உள்ளம் டிரம்பெட்டில் இருந்தது. பொறியியலை உதறிவிட்டு இசைக்குழுக்களில் ஊதப் புறப்பட்டான். பெயரையும் 'பாக்' என்று சுருக்கிக்கொண்டான். 1914இல் முதல் உலகப்போர் மூண்டபோது நியூயார்க்கு நகரம் போய்ச் சேர்ந்தான். பாஸ்டன் சிம்பனி இசைக்குழுவில் இடம் கிடைத்தது. மேடையில் நிலைபெற்ற கலைஞனாகிவிட்டான்.

பிறகு ஏன் பட்டறைக்குப் போனான்? 1918இல் பிட்ஸ்பர்க் நகரில் தன் மவுத்பீஸைச் செப்பனிடக் கொடுத்தான். வாங்கிய தொழிலாளி அதைக் கெடுத்துக் கொடுத்துவிட்டான். டிரம்பெட் வாசிப்பவனுக்கு மவுத்பீஸ் எவ்வளவு முக்கியம் என்பதை நம்முள் பலர் அறியோம். அந்தக் கருவியில் நாணல் இல்லை, நரம்பு இல்லை. அதிர்வது வாசிப்பவனின் உதடு ஒன்றே! அந்த உதடு அமரும் சிறு கிண்ணத்தின் விளிம்பு ஒரு மயிரிழை மாறினாலும், அடித்துளை சற்றே அகன்றாலும், குரல் மாறிவிடும், மூச்சு தளர்ந்துவிடும். நம் நாகசுரக்காரருக்குச் சீவாளி எப்படியோ, அவர்களுக்கு மவுத்பீஸ் அப்படி.

பாக் அழுதுகொண்டிருக்கவில்லை. 300 டாலர் கொடுத்துக் காலால் மிதித்து ஓட்டும் கடைசல் லேத்து ஒன்றை வாங்கினான். நியூயார்க்கில் ஓர் இசைக்கருவிக் கடையின் பின்கட்டில் அதைப் போட்டுத் தானே கடையத் தொடங்கினான். உதறிவிட்டு வந்த பொறியியல் அப்போது கைகொடுத்தது. வாசிக்கும் உதடு குறை சொல்லும். படித்த அறிவு அக்குறையை அளந்து பார்க்கும். கை அதைத் திருத்தும். மூன்றும் ஒருவனிடமே இருந்தன. ஒன்றைப் போலவே மற்றொன்றைக் கடைந்து தரும் திறம் அவனுக்கு வாய்த்தது. தொலைந்தாலும் உடைந்தாலும் அதே அளவில் இன்னொன்று கிடைக்கும் என்ற நம்பிக்கை வாசிப்பவர்களுக்குப் பிறந்தது. அந்த '7சி' என்பதன் பொருளும் இதுதான்: எண் கிண்ணத்தின் அகலத்தையும் எழுத்து அதன் ஆழத்தையும் குறிக்கின்றன.

1920களின் நடுவில் அவன் முழு டிரம்பெட்டையே செய்யத் தொடங்கினான். 'ஸ்ட்ராடிவேரியஸ்' என்று பெயரிட்டான். வயலின் செய்த இத்தாலியப் பெருங்கலைஞனின் பெயர் அது. தன் கருவிக்குப் பெயர் தேடியபோது, ஒரு வித்துவானின் பெயரை விட்டு ஒரு தச்சனின் பெயரைத் தேர்ந்தெடுத்தான் பாருங்கள்! 1961இல், 71ஆம் வயதில், தன் தொழிலகத்தைச் செல்மர் நிறுவனத்துக்கு விற்றான். 1976இல் மறைந்தான். சாலைக் கடைத்தெருவில் ஒரு கல்யாண பேண்டுக்காரரின் மடியில் அவன் பெயர் இன்றும் இருக்கிறது.

"மேல்நாட்டான் புகழ் போதும், நம்மிடம் இல்லையா?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. இருக்கிறது தோழர்களே! ஆனால் வேறு வகையில் இருக்கிறது.

திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) பெயரை அறியாதார் யார்? அவருடைய தோடியை இசைத்தட்டிலேனும் கேளாத செவி செவியா? ஆனால் அவர் கையிலிருந்த கருவியின் வரலாற்றை நாம் கேட்டதில்லை. பழைய நாகசுரம் திமிரி. நீளம் குறைந்தது, சுருதி உயர்ந்தது. தெருவில் தேர் வரும்போது ஊரெல்லாம் கேட்க வேண்டிய கருவிக்கு அந்தக் கூர்மை வேண்டியிருந்தது. ஆனால் அதில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. சுத்த மத்திமம் அதில் இயல்பாக வராது. உதட்டாலும் மூச்சாலும் வருவிக்க வேண்டும். 72 மேளகர்த்தாக்களில் 36 சுத்த மத்திமத்தைக் கொண்டவை. பாதி இசையுலகை ஒருவர் போராடியே பெறவேண்டும் என்றால் அது எத்தகைய தடை!

கும்பகோணத்திற்கும் மயிலாடுதுறைக்கும் இடையில் உள்ள நரசிங்கம்பேட்டையில் ரங்கநாதன் ஆசாரி என்பவர் உளி பிடித்துக்கொண்டிருந்தார். ராஜரத்தினம் பிள்ளையின் தேவையை உணர்ந்து, ஆச்சா மரத்தில் நீண்ட குழலைக் கடைந்து, துளைகளின் இடத்தை மாற்றி மாற்றிப் பார்த்து, சுத்த மத்திமம் தானே பேசும் பாரி நாகசுரத்தை அவர் உருவாக்கித் தந்தார். சுருதி தாழ்ந்தது, குரல் கனிந்தது. ஒலிபெருக்கி வந்துவிட்ட காலத்தில் தெருவை நிரப்பும் கூர்மையைவிட அவையை நிரப்பும் இனிமையே வேண்டும் என்பதை அந்த இருவரும் உணர்ந்திருந்தார்கள் என்றே நான் எண்ணுகிறேன். இன்று மேடைகளில் நாம் கேட்பது பெரும்பாலும் அந்தப் பாரியின் குரலைத்தான். 2022இல் நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் குறியீடு ஊருக்குக் கிடைத்தது. ரங்கநாதன் ஆசாரியின் பெயர் நம் நாவில் ஏறியதா?

இங்கேதான் என் வாதம் தொடங்குகிறது. மேல்நாட்டில் ஊதியவனே உளியை எடுத்தான். நம் நாட்டில் ஊதியவர் ஒருவர். உளி பிடித்தவர் ஒருவர். ஏன்? திறமைக் குறைவா? இல்லை. இசை ஒரு குலத்துக்கு, மரவேலை ஒரு குலத்துக்கு என்று பிறப்பால் வேலி போட்டு வைத்தோம். மேடையில் இருப்பவன் பட்டறைக்குப் போனால் அதை இறக்கம் என்றோம். பட்டறையில் இருப்பவன் மேடையேற நினைத்தால் சிரித்தோம். அந்த வேலியைத் தாண்டி ஒரு வித்துவானும் ஓர் ஆசாரியும் ஒரே எண்ணத்தோடு உழைத்த இடத்தில்தான் பாரி பிறந்தது. வேலி இல்லாதிருந்தால் இன்னும் எத்தனை பிறந்திருக்குமோ!

"எல்லோரும் லேத்து வாங்க முடியுமா?" என்று என் அறைத்தோழன் கேட்டான். நியாயமான கேள்வி. முடியாது, வேண்டியதும் இல்லை. ராஜரத்தினம் பிள்ளை தச்சராகிவிடவில்லை. வேண்டுவது தன் கருவி எவ்வாறு பேசுகிறது என்னும் அறிவு. அதைப் பேசவைப்பவனிடம் மதிப்பு. வங்கத்துப் பன்னாலால் கோஷ் மூங்கிலை மீண்டும் மீண்டும் சோதித்து, 32 அங்குல நீளமுள்ள புல்லாங்குழலை உருவாக்கி, இந்துஸ்தானி மேடையில் அதற்குப் பெருமையான இடம் பெற்றுத் தந்தார். 'கொடுத்ததை ஊதுவேன்' என்று அவர் இருந்திருந்தால் அந்த ஆழ்ந்த குரலை நாம் கேட்டிருப்போமா?

நாம் வாழும் இந்தத் திருவனந்தபுரம் இதை எண்ணிப் பார்ப்பதற்கு ஏற்ற நகரம். தஞ்சையிலிருந்து வந்த வடிவேலு இங்கே அரசவையில் வயலின் வாசித்தார். 1834இல் சுவாதித் திருநாள் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசளித்தார். கொடுத்த மன்னரைப் போற்றுகிறோம். பெற்ற வித்துவானைப் போற்றுகிறோம். அந்தத் தந்தத்தை இழைத்த கை யாருடையது என்று நம்மில் எவரேனும் கேட்டதுண்டா?

நானே என்ன செய்தேன்? இயற்பியல் மாணவன் நான். காற்றுத் தம்பத்தின் அதிர்வைப் பற்றிப் பத்து மதிப்பெண் வினாவுக்கு மனப்பாடமாக விடை எழுதியிருக்கிறேன். ஆனால் அன்று அந்தப் பெரியவர், நாகசுரத்தின் ஏழு விரல் துளைகளுக்குக் கீழே இருக்கும் மற்ற ஐந்து துளைகளைக் காட்டி, "இதில் மெழுகை வைத்து அடைத்தால் சுருதி மாறும், ஏன் தெரியுமா தம்பி?" என்று கேட்டபோது, உடனே விடை வரவில்லை. அவருக்கு அது கைவந்தது. எனக்கு அது பாடப்பக்கம். வெட்கினேன். என் படிப்பும் அவர் கையும் சந்திக்க ஓர் இடம் இந்த நாட்டில் இல்லையே என்று வருந்தினேன்.

அந்த இடத்தை நாம் உண்டாக்கலாம். பொறியியல் மாணவர்கள் நம் மன்றத்தில் இருக்கிறார்கள். இசை பயில்பவர்களும் இருக்கிறார்கள். வரும் பொங்கல் விழாவில் நாகசுரக் கச்சேரி வைக்கப்போகிறோம். அதற்கு முன்னாள் ஒரு கருவி செய்யும் ஆசாரியை அழைப்போம். மேடையில் நாற்காலி போட்டு அமர்த்துவோம். கடைந்து காட்டச் சொல்வோம். நாம் அளந்து குறித்துக்கொள்வோம். அழைப்பிதழில் வித்துவான் பெயருக்குக் கீழே, அதே அளவு எழுத்தில், கருவி செய்தவர் பெயரையும் அச்சிடுவோம். இதற்கு ஆகும் செலவு பயணச் சீட்டும் ஒரு பொன்னாடையும்தான்.

செயற்குழு இதை ஏற்குமா என்று தெரியாது. ஏற்காவிட்டாலும் ஒன்று செய்யுங்கள். அடுத்தமுறை ஒரு நல்ல கச்சேரி கேட்டு, வாசித்தவரை வாழ்த்தப் போகும்போது, "இந்தக் கருவியைச் செய்தவர் யார் ஐயா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பத்துப்பேர் கேட்டால் அவர் தெரிந்துவைத்துக்கொள்வார். நூறுபேர் கேட்டால் கருவியிலேயே பெயர் வந்துவிடும்!