பேட்டரி ரம்பம் வாங்கும் முன் யோசிக்க வேண்டியவை

ஆட்டுக்குப் பரண், கோழிக்குக் கூண்டு, மாட்டுக் கொட்டகைக்குத் தடுப்பு, வீட்டுக்குக் கதவு என்று சிறு விவசாயிக்கு மர வேலை ஓயாது. ஒவ்வொன்றுக்கும் தச்சரைத் தேடிப் போனால் நாளும் கூலியும் கட்டுப்படியாவதில்லை. எனவே கையில் இருக்கும் கிரைண்டரில் பல் வைத்த மரப் பிளேடைப் பூட்டிப் பலகை அறுப்பவர்கள் உண்டு. இது சிக்கனம் அல்ல. கையைப் பணயம் வைப்பதாகும்.

இரும்பு வெட்டும் 4 அங்குல கிரைண்டர் நிமிடத்திற்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். பேட்டரி வட்ட ரம்பங்களோ பெரும்பாலும் 4,000 முதல் 5,000 சுற்றுதான். கிரைண்டரில் பலகை மேல் படிந்து நிற்கும் அடித்தட்டு இல்லை; அறுத்து முடித்ததும் தானே மூடிக்கொள்ளும் கீழ் மூடியும் இல்லை. பிளேடு மரத்தில் சிக்கினால் மெஷின் கையை விட்டுத் துள்ளும். போன விரலை எந்த மிச்சப் பணமும் திருப்பித் தராது. ஆகவே மரம் அறுப்பதற்கு மரம் அறுக்கும் மெஷினையே வாங்க வேண்டும்.

ஆனால் எல்லோருக்கும் பேட்டரி ரம்பம் தேவையா? வருடத்திற்கு ஒரு கதவு, ஒரு பெஞ்சு என்றால் தச்சரே போதும். வேலை முழுவதும் வீட்டு வாசலிலேயே நடக்குமானால் வயர் உள்ள ரம்பம் விலை குறைவு. சார்ஜ் தீரும் கவலையும் இல்லை. மின் இணைப்பு எட்டாத தோட்டத்துக் கொட்டகையில், பரணுக்கு நூறு சட்டம் அறுக்க வேண்டியவருக்குத்தான் பேட்டரி ரம்பம் உண்மையில் உதவும்.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பேட்டரியைத்தான். கடையில் சொல்லும் குறைந்த விலை பல சமயம் வெறும் மெஷினுக்கு மட்டுமே. இரண்டு பேட்டரி, சார்ஜர், பிளேடு எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். 18 வோல்ட், 20 வோல்ட் மேக்ஸ் என்ற பெயர்களைப் பார்த்து மயங்க வேண்டாம். இரண்டிலும் இருப்பது வரிசையாக இணைத்த 5 லித்தியம் செல்கள்தான். முழுச் சார்ஜில் காட்டும் அளவே 20. வேலை நேரத்தைத் தீர்மானிப்பது ஆம்பியர்-மணி. 4 ஆம்பியர்-மணி பேட்டரி, 2 ஆம்பியர்-மணி பேட்டரியைப் போல இரு மடங்கு வேலை தரும்.

மெஷினுக்கு முன் மூப்படைவது பேட்டரியே. அதே பேட்டரி துளை போடும் மெஷினுக்கும் புல் வெட்டும் மெஷினுக்கும் பொருந்துமா, பக்கத்து டவுனில் புதிய பேட்டரி கிடைக்குமா என்று விசாரித்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். கார்பன் இல்லாத மோட்டார் சற்று விலை கூடினாலும் ஒரே சார்ஜில் அதிக நேரம் ஓடும். கார்பன் மாற்றும் வேலையும் இல்லை.

பிளேடு அளவில் பேராசை வேண்டாம். 6½ அங்குலப் பிளேடு 2 அங்குலப் பலகையை ஒரே ஓட்டத்தில் அறுக்கும். வீட்டு வேலைக்கு இது தாராளம். வேகமாக அறுக்க 24 பல், ஒட்டுப்பலகை பிசிறில்லாமல் வர 40 பல் அல்லது அதற்கு மேல் உள்ள பிளேடு ஏற்றது. தென்னை மரம் பிளேடை விரைவில் மழுக்கும் என்பதால் கார்பைடு முனை உள்ளதையே போட வேண்டும். பழைய பலகையானால் ஆணியைப் பிடுங்கிவிட்டே அறுக்க வேண்டும். விறகுக்கட்டைக்கும் பச்சை மரத்துக்கும் இந்த ரம்பம் ஏற்றதல்ல.

எவ்வளவு நல்ல ரம்பமானாலும் மூடியைக் கம்பியால் கட்டி வைத்தால் அது கிரைண்டரை விட மேலானதல்ல. பிளேடு பலகைக்கு அடியில் கால் அங்குலம் தெரிந்தால் போதும். அறுபடும் துண்டு தொய்ந்து பிளேடைக் கவ்வாதபடி பலகைக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். தோளில் துண்டும் அவிழ்ந்த வேட்டியும் கூடாது, கண்ணாடி கட்டாயம். பிளேடு மாற்றும் முன் பேட்டரியைக் கழற்ற வேண்டும்.

மாதக்கணக்கில் வேலை இல்லாதபோது பேட்டரியைப் பாதிச் சார்ஜுடன் நிழலான இடத்தில் வைத்தால் நீடித்து உழைக்கும். வெயிலில் கொதித்த பேட்டரியை ஆறிய பிறகே சார்ஜ் போட வேண்டும்.

தனியாக வாங்க முடியாதவர்கள் நான்கு பேர் கூடி நல்லதாக ஒன்று வாங்கிப் பகிர்ந்து கொள்ளலாம். மலிவானதை ஆளுக்கு ஒன்றாக வாங்குவதை விட அதுவே லாபம்.