ஆடு செத்தது பட்டியில், கணக்கு யாரிடம்?

காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் வட்டாரங்களில் விவசாயிகள் தெருநாய்கள் கடித்துச் செத்த ஆடுகளைச் சாலையில் கிடத்தி மறியல் செய்வது இப்போது பழகிப்போன செய்தி. மழை குறைந்த அந்தச் சீமையில் கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம்தான் பலருக்குப் பிழைப்பு. கொழுக்கட்டைப் புல்லை நம்பிச் செம்மறிகளை ஆள்காவல் இல்லாமலே அங்கே விட்டுவைப்பது வழக்கம். கூட்டமாக நுழையும் தெருநாய்கள் பசிக்கு ஒன்றைத் தின்றுவிட்டுப் போவதில்லை. மிரண்டு ஓடுவதையெல்லாம் குதறிப் போடுகின்றன. இந்த நிலையில் ஒருவர் விஷம் வைக்க நினைத்தால் அவருடைய ஆத்திரம் புரியக்கூடியதே. ஆனாலும் அது தவறு என்றே சொல்வேன். பட்டிக்குள் பாய்ந்த நாயைத் தடியெடுத்து விரட்டுவது தன் உடைமையையும் இன்னோர் உயிரையும் காப்பது. இரவில் வரப்பில் வைக்கும் விஷக்கறியோ யாரென்று தெரியாத ஒன்றுக்கு வழங்கும் தண்டனை. அதைத் தின்பது பக்கத்துத் தோட்டத்துக் காவல் நாயாகவோ கீரியாகவோ பருந்தாகவோ இருக்கலாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் இதற்கு 5 ஆண்டு வரை சிறை உண்டு என்பது தனிக்கதை. இத்தனைக்கும் பிறகு செத்த நாயின் இடத்துக்கு வேறு நாய் வந்துவிடுகிறது. தீனி அப்படியே கிடக்கிறதே! கறிக்கடைக் கழிவை ஓடையில் கொட்டுபவரும், பெட்டை நாய்க்குட்டிகளைச் சாக்கில் கட்டி ஊர் எல்லையில் விட்டுப் போகிறவரும்தான் அந்தக் கூட்டத்தை வளர்க்கிறார்கள்.

பட்டியை இரவில் பூட்டுங்கள், வேலியை உயர்த்துங்கள் என்று நகரத்து நாய் நேசர்கள் சொல்கிறார்கள். ஏக்கர் கணக்கான மேய்ச்சல் நிலத்துக்குக் கம்பிவலை அடிக்கும் செலவை அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. கசாப்புக்குப் போகும் ஆடுதானே என்ற வாதம் அதைவிட மோசம். பிறகு அறுபடப்போகிறது என்பதால் இன்று உயிரோடு கிழிபடும் வலி இல்லாமல் போய்விடாது. 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், கருத்தடை செய்து தடுப்பூசி போட்ட நாயைப் பிடித்த இடத்திலேயே விடச் சொல்கின்றன. தெருவுக்கு இது பொருந்தும். 100க்கு 70 நாய்களுக்கு ஊசி போட்டால் வெறிநோய்ப் பரவல் அறுபடும். ஊசி போட்ட நாய் தன் எல்லையில் இருப்பதே அதற்கு வழி. ஆனால் கருத்தடை, ஆட்டைத் துரத்திப் பழகிய நாயின் பழக்கத்தை மாற்றாது. வெறிநோய் கண்டதையும் மூர்க்கமானதையும் திரும்ப விட வேண்டாம் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் விலக்குத் தந்தது. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையங்களில் பிடிக்கும் நாய்களையும் அங்கே மீண்டும் விடக் கூடாது என்றது. அந்தப் பட்டியலில் கொறங்காடு இல்லை. கால்நடையைக் கடித்ததாக உறுதியான நாயைக் காப்பகத்தில் வைக்க வெளிப்படையான விதி வேண்டும்.

அதுவரை கைகட்டி நிற்பதா என்று விவசாயி கேட்பார். நிற்க வேண்டாம், விரட்டலாம், அடைத்துவைத்து ஊராட்சியிடம் ஒப்படைக்கலாம். வாங்கிக்கொள்ளக் கூண்டும் மருத்துவரும் இல்லாத ஊராட்சிதான் இங்கே பிரதிவாதி. நாய் கடித்துச் செத்த ஆடுகளுக்கு அரசு இழப்பீடு அறிவித்திருப்பது நல்லது. ஆனால் அந்தப் பணம் பொதுக் கருவூலத்திலிருந்து போகும்வரை யாருக்கும் உறைக்காது. அதில் ஒரு பங்கைக் கழிவு கொட்டுபவர்களிடம் அபராதமாக வசூலிக்கும் பொறுப்பை ஊராட்சியிடம் கொடுத்துப் பார்க்கட்டும். எந்த ஓடையில் யார் வண்டி நிற்கிறது என்பது ஒரே வாரத்தில் தெரிந்துவிடும்.