கல்லில் தெரியாத ஆண்டு

புலன்களால் அறிவதே அறிவு, மற்றவை ஊகமும் கேள்விப்பேச்சும்தான் என்று வாதிடுவோர் இன்றும் உண்டு. அவர்களை உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரின் முன் நிறுத்தலாம். முதலாம் பராந்தகச் சோழனின் குடவோலைக் கல்வெட்டுகள் இரண்டும் அங்கே பட்டப்பகலில் கண்முன் இருக்கின்றன. அவை 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை என்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். ஆனால் அந்த எண்களைச் சுவரில் தேடினால் கிடைக்காது. மதுரை கொண்ட பரகேசரியின் 12ஆம் ஆட்சியாண்டு, 14ஆம் ஆட்சியாண்டு என்பதே கல்லில் இருப்பது. அந்தப் பட்டப்பெயர் கொண்ட பராந்தகன் எப்போது பட்டமேறினான் என்பது, அங்கேயே நின்று எத்தனை நாள் உற்றுப் பார்த்தாலும் தெரியாது. பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் கிராமம் என்றே பெயர் கொண்ட ஓர் ஊர் இருக்கிறது. அதன் சிவன் கோயில் கல்வெட்டு ஒன்று அதே அரசனின் 36ஆம் ஆட்சியாண்டையும் கலியுகத்தின் 1477037ஆம் நாள் என்ற கணக்கையும் சேர்த்துத் தருகிறது. அந்த நாள் 943 ஜனவரி 14 என்று ஜெர்மானிய அறிஞர் கீல்ஹார்ன் கணித்தார். பின்னோக்கி எண்ணினால் ஆட்சி தொடங்கியது 907. உத்திரமேரூர்க் கல்லுக்கு வயது கிடைத்தது இப்படித்தான். வேறோர் ஊர்க் கல்லும் வானியல் கணக்கும் சேர்ந்து சொன்னது அது. கண் தன் பங்குக்கு எழுத்தைக் காட்டியது. அதுவும் சோழர் காலத் தமிழையும் கிரந்தத்தையும் வாசிக்கப் பழகிய கண்ணுக்கு மட்டும்.

இந்த வழக்கு தமிழுக்குப் புதிதல்ல. சாத்தனாரின் காப்பியத்தில் மணிமேகலை வஞ்சி நகரில் சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்டு வரும்போது, பூதவாதி காட்சியை மட்டும் ஏற்று அனுமானத்தைத் தள்ளுகிறான். உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று அவள் திருப்பிக் கேட்கிறாள். அதற்குச் சாத்தனார் அவனைப் பதில் பேச விடவில்லை. பூதவாதிக்கு இங்கே கொஞ்சம் அநீதி நடந்துவிட்டது என்றே நமக்குத் தோன்றுகிறது; அவன் சொல்லியிருக்கக்கூடிய பதில் வலுவானது. புகையையும் நெருப்பையும் ஒருமுறையாவது சேர்த்துப் பார்க்காதவன் புகையிலிருந்து நெருப்பை ஊகிக்க முடியாது. கிராமம் கல்வெட்டையும் யாரோ கண்ணால்தானே படித்தார்கள்? உண்மை, காட்சி இல்லாமல் எதுவும் தொடங்குவதில்லை. ஆனால் தொடங்கி வைப்பது வேறு, போதுமானதாக இருப்பது வேறு. பிறகு நம் காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் அவளுக்குச் சொல்லும் பௌத்த அளவையிலும் காட்சியும் அனுமானமும் இரண்டுமே உண்டு.

உத்திரமேரூர்ச் சபையார் இதைத் தத்துவமாக எழுதவில்லை, தேர்தல் விதியாக எழுதினார்கள். குடும்பு எனப்பட்ட ஊர்ப் பிரிவுகள் 30இலும் தகுதியுள்ளவர்களின் பெயரெழுதிய ஓலைகள் குடும்பு வாரியாகக் கட்டப்பட்டுக் குடத்தில் இடப்படும். கோயில் அர்ச்சகர்களான நம்பிமாரில் முதியவர் எழுந்து, மேல்நோக்கியபடி, சபை முழுவதும் காணும்படி குடத்தைத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஓர் ஓலைக்கட்டை எடுப்பான். அதை வேறொரு வெறுங்குடத்தில் இட்டுக் குலுக்கியபின் ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தனிடம் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில்தான் அதை வாங்க வேண்டும். அவன் வாசித்த பெயரை அங்குள்ள நம்பிமார் அனைவரும் வாசிக்க வேண்டும். எல்லாமே கண்ணை நம்பிய ஏற்பாடுதானே என்று பூதவாதி மகிழலாம். அந்த ஐந்து விரல் விதி எந்தப் புலனிலிருந்து வந்தது என்று அவன் சொல்லட்டும். மூடிய கைக்குள் இன்னோர் ஓலை ஒளிந்திருக்கலாம் என்று யாரோ முன்கூட்டியே யோசித்ததால் வந்த விதி அது. இனி நடக்கக்கூடிய திருட்டைக் கண் காட்டாது. முதியவர் மேல்நோக்கி நிற்பதும் அவர் பார்வை குடத்துக்குள் விழாமலிருக்கத்தான் என்று கொள்ளலாம். யார் பார்க்க வேண்டும், யார் பார்க்கக் கூடாது என்று அறிவால் பிரித்து வைத்த பிறகே சபை கண்களிடம் வேலையை ஒப்படைத்தது.

இன்னொரு மறுப்பும் உண்டு, இது கொஞ்சம் சுருக்கென்று தைக்கும். ஊகமும் கேள்வியும்தானே இந்த ஊரை 'உலகின் முதல் ஜனநாயகம்' ஆக்கி மேடைதோறும் முழங்க வைத்தன? சுவரைப் பார்த்திருந்தால் அந்த மிகை வந்திருக்காதே? பாதி சரி. சுவரைப் படித்தவர் தகுதிகளையும் படிப்பார்: கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதப் பயிற்சி. ஆனால் இந்தப் பட்டியலில் விடுபட்டவர்களைக் கண் எப்படிக் காணும்? இல்லாமை கண்ணுக்குத் தெரிவதில்லை. மணிமேகலையில் வரும் வைதிகவாதி அபாவத்தையும் ஓர் அளவையாக எண்ணுவது வீண் நுணுக்கமல்ல. ஏரி வாரியத்துக்கு 6 பேர் என்பதைக் கல் சொல்கிறது. அந்த ஏரியில் மண் வெட்டியவர்களின் பெயருக்கு ஓலை இருந்ததா என்று அது சொல்லவில்லை; இருந்திருக்க வழியில்லை என்பதை, நிலமும் வேதமும் அன்று யார் கையில் இருந்தன என்ற பிற சான்றுகளை அந்தத் தகுதிப் பட்டியலோடு சேர்த்து வைத்து நாம்தான் அனுமானிக்க வேண்டியிருக்கிறது.